எங்கள் வீட்டில் வீணை இல்லை

மக்கா,

பொட்டலத்தைத்தான் முதலில் பிரித்திருப்பாய். உன் சுபாவம் எனக்குத் தெரியும். உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகு, இந்தத் தாள்களை வாசிப்பதா அல்லது கசக்கி மூலையில் எறிவதா என்று நின்றுகொண்டிருப்பாய். எறிந்தாலும் பாதகமில்லை. இதே கடிதத்தின் இன்னொரு பிரதி நம்மூர் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகையில் இந்த மாதம் வருகிறது. நானே உட்கார்ந்து எழுதிக் கொடுக்கப்போகிறேன். ஊர் கூடியிருந்த இடத்தில் செய்த காரியத்தை, ஒட்டிய உறைக்குள் வைத்து யாருக்கும் தெரியாமல் சரிசெய்ய முடியாது என்பது விளங்க எனக்குப் பதினொரு மாதம் ஆகியிருக்கிறது. படித்தவனுக்குச் சில விஷயங்கள் தாமதமாகத்தான் விளங்கும்.

நேற்று உன் அம்மை உன்னைப் பார்த்துவிட்டுத் தோவாளையிலிருந்து வந்தாள். கால்கூடக் கழுவவில்லை, முற்றத்தில் நின்றபடியே சொன்னாள்: "கல்யாணத்துல தலைப்பாகையை அவனுக்கு மாமன் கட்டுவானாம். நீங்க வந்தா வரலாமாம். வரல்லேன்னாலும் ஒண்ணும் இல்லையாம்." அவள் உள்ளே போனாள். அடுப்பில் எதையோ வைத்துவிட்டுத் திரும்ப வந்து, "வாயில கொழுக்கட்டையா? என்னமாவது சொல்லுங்க" என்றாள். நான் தாளை எடுத்து மேசையில் போட்டேன். அதிலிருந்து எனக்கு இருப்பு கொள்ளவில்லை. நான்கு வரி எழுதுகிறேன். எழுந்து கிணற்றடிவரை போகிறேன். போன காரணம் மறந்து திரும்பி வருகிறேன். விரல் சும்மா இருப்பதில்லை, மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. "அந்தத் தட்டை நிறுத்துங்க, தலை வலிக்கு" என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது. நிறுத்துகிறேன். சற்று நேரத்தில் மறுபடியும் தட்டுகிறேன்.

நம் வீட்டில் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுவது அவனுடைய அப்பன். உன் பாட்டா எனக்குக் கட்டினார். அவருடைய அப்பா அவருக்குக் கட்டினார். அதற்கு முந்தியவர்களுக்கு யாரும் கட்டவில்லை. நம் ஆட்கள் தலையில் துணி சுற்றிக்கொண்டு வீதியில் நடக்கக்கூடாது என்றிருந்த தேசம் இது. கட்டினவனின் தலையில் கோல் விழும். அதனால்தான் மற்றவர்கள் சாமி முன்னால் துண்டை எடுத்து இடுப்பில் கட்டும்போது, நாம் நம் தாங்கல் கோவிலில் கும்பிடப் போகையில் அதைத் தலையில் கட்டுகிறோம். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்துதான் மாமன் கட்டுவான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். எங்கே அடித்தால் வலிக்கும் என்று பார்த்து அடித்திருக்கிறாய். என் பிள்ளைதான், சந்தேகமில்லை.

என் மனக்குறைகள் உனக்கு மனப்பாடம். சாப்பாட்டு இலையின் முன்னால் அவற்றைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தவன் நீ. ஆனாலும் ஒன்றை மட்டும் இங்கே சொல்லவேண்டும், பின்னால் வருவதற்கு அது வேர். பதினான்கு வருஷம் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு முன்னால் போனார்கள். மனுமேல் மனு எழுதினேன். என் இங்கிலீஷில் பிழை கண்டுபிடிக்க அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. கடைசியில் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு என் தலையைப் பார்த்துச் சிரித்தார்: "கோவில்ல தலைப்பாகை கட்டுற கூட்டமில்லா ஓய் நீரு? அந்தக் கிரீடம் போதாதா?" சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். தேசம் சுதந்திரம் வாங்கிய வருஷம் நான் ராஜினாமா எழுதினேன். இப்போது நம் தாலுகா மலையாளப் பக்கமா தமிழ்ப் பக்கமா, எந்தப் பக்கம் சேரவேண்டும் என்று வாசகசாலையில் தினமும் வாக்குவாதம் நடக்கிறது. எந்தப் பக்கம் சேர்ந்தாலும் சேரட்டும். என் மனுக்கள் கிடந்த மேசை எழுந்து எங்கேயும் போகப்போவதில்லை.

சிரித்தவனை நான் மன்னிக்கவில்லை. இனியும் மன்னிக்க மாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு என்னை என்ன செய்தது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றிலிருந்து தாங்கலுக்குப் போவதை நிறுத்தினேன். அவன் சொன்னது தப்பு என்று நிரூபிக்க, அவன் பழித்த ஒவ்வொன்றையும் நானே கழற்றிப்போட்டேன். உண்மையைச் சொன்னால் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. எனக்குக் கல்யாணமான அன்று உன் பாட்டா கட்டிய தலைப்பாகையை, படம் பிடிக்கிறவன் வந்ததும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கிராப்புத் தலையும் கோட்டுமாக உட்கார்ந்தேன். கூடத்தில் தொங்குகிற படத்தில் என் மடியில் ஏதோ வெள்ளையாக இருக்கிறதே, என்ன என்று சின்ன வயதில் நீ கேட்டாய். கைக்குட்டை என்றேன்.

பாட்டா வில்லுப்பாட்டுக் கூட்டத்தில் குடம் அடித்தவர். அதை நான் பள்ளிக்கூடத்தில் சொன்னதில்லை, "விவசாயம்" என்றுதான் எழுதினேன். அதுவும் பொய் இல்லை. ஆறு மாதம் வயல், ஆறு மாதம் கோவில் கொடை. நாகர்கோவிலில் விடுதியில் தங்கிப் படித்தபோது, ஏதோ கொடைக்குப் போகிற வழியில் ஒருமுறை என்னைப் பார்க்க வந்தார். தோளில் கயிற்று உறியில் குடம், கையில் அவித்த மரச்சீனிக்கிழங்குப் பொதி. குடத்தை வெளியே வைத்துவிட்டு வாருங்கள் என்றேன். "குடத்தைத் தனியா விட்டுட்டு நான் எங்க மக்கா வர?" என்று சொல்லி வாசலுக்கு வெளியே, மரத்தடியில், குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் உள்ளேயும் அவர் வெளியேயுமாகப் பேசினோம். கிழங்குப் பொதியை வாசல் கம்பி வழியாக வாங்கிக்கொண்டேன். இந்தக் குற்றத்துக்கு எனக்கு இன்றுவரை யாரும் தண்டனை கொடுக்கவில்லை, நீ கொடுத்ததைத் தவிர.

ராஜினாமாவுக்குப் பிறகு கப்பலுக்குப் போனதும் பாகியாவும் நீ கேட்ட கதைதான். ஆனால் நீ கேட்டது நான் மெருகு போட்ட கதை. கல்கத்தாவில் சணல் சாக்கு ஏற்றிக்கொண்டு பிரேசில் தேசத்துக்குப் போனோம். நான் கப்பலின் குமாஸ்தா. பாகியா துறைமுகத்தில் கட்டின மறுநாள் எந்திரத்தின் தண்டு முறிந்திருப்பது தெரிந்தது. புதுத் தண்டு வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். கரையில் இறங்கினால் எனக்குத் தலை சுற்றியது. தென்னை, மா, பலா, கொல்லாமாவு, அதில் தொங்கும் முந்திரி. சந்தையில் குவித்துவைத்த மரச்சீனி மாவு. பேசுவது போர்ச்சுகீஸ் பாஷை, ஆனாலும் சாவியைச் சாவி என்கிறார்கள், மேசையை மேசை என்கிறார்கள், ஜன்னலை ஜன்னல் என்கிறார்கள். உலகத்தின் மறுபக்கம் போய் நம்மூர்ப் பக்கத்துக் கருங்கல் சந்தையில் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. ஆட்கள் மட்டும் வேறு. ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கப்பலில் அடைத்துக் கொண்டுவந்து கரும்புக் காட்டில் இறக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

சாக்கு இறக்கும் கூட்டத்துக்கு மூப்பன் ஒருவர் இருந்தார், பெனெடிட்டு என்று பெயர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; துறைமுக இங்கிலீஷ் பேசுவார். மதியம் கஞ்சி குடித்து முடித்ததும் ஆணியில் மாட்டியிருந்த ஒரு பறையை எடுப்பார். நம் கஞ்சிராவுக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்: மரவளையம், ஆட்டுத்தோல், வளையத்தில் சோடிசோடியாகத் தகரச்சில்லுகள். பாந்தேரு என்பார்கள். அதை ஒரு கையில் பிடித்து மறுகையால் அவர் தட்டத் தொடங்கினால், மூன்று பேர் சேர்ந்து வாசிக்கிற சத்தம் வரும். கட்டைவிரல் விழும்போது கிணற்றில் தேங்காய் விழுந்த மாதிரி ஒரு அடி. விரல்நுனியில் கூரைமேல் மழை. சில்லுகள் அந்த இரண்டுக்கும் நடுவே ஓயாமல் வம்பு பேசும். அவர் ஒரு வரி பாடுவார். சாக்குமேல் சாய்ந்து கிடந்த முப்பது பேரும் அடுத்த வரியை வாங்கிப் பாடுவார்கள். காலையிலிருந்து சுமந்து கன்றிப்போன தோள்கள் தாமாக அசையும். "என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். "பாதி எங்களுக்கே மறந்துபோச்சு. கொண்டுவந்தவங்க பாஷையையும் பறிச்சாங்க. சத்தத்தை மட்டும் அவங்களால பறிக்க முடியல்ல" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தன் தெய்வம் இருக்கும் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். வெள்ளை உடுத்த பெண்கள், அவர்கள் எல்லோருடைய தலையிலும் வெள்ளைத் துணிக் கட்டு. உள்ளே மூன்று நெட்டை மத்தளங்கள் நின்றன. மூன்றுக்கும் வெள்ளைத் துணி சுற்றி, முன்பக்கம் பெரிய முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே வந்த ஒவ்வொருவரும் முதலில் மத்தளத்தை வணங்கினார்கள், பிறகுதான் மனிதர்களை. மத்தளத்துக்கு எதற்குத் துணி என்று கேட்டேன். பெனெடிட்டு என்னை விநோதமாகப் பார்த்தார். "பெரியவங்களை வெறும் உடம்போட நிறுத்துவீங்களா?" என்றார். பிறகு சொன்னார்: "போலீஸ்காரன் வந்து இதைத் தூக்கிட்டுப் போனான். என் அப்பா வேற செய்தார். அதையும் தூக்கிட்டுப் போனான். அப்பா மறுபடியும் செய்தார். போலீஸ்காரனுக்கு அலுத்துப்போச்சு, அப்பாவுக்கு அலுக்கல்ல." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததை நான் அதுவரை எந்த மனிதன் முகத்திலும் பார்த்ததில்லை. கோபம் இல்லை, குறைபடுதல் இல்லை. நான் மனு எழுதிக்கொண்டிருந்த பதினான்கு வருஷத்தில் ஒருநாள்கூட என் முகம் அப்படி இருந்திருக்காது.

அன்று திரும்பும் வழியில்தான் அது நடந்தது. கடல்சுவரில் உட்கார்ந்திருந்தோம். பெனெடிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க விரல் சும்மா இருக்கமாட்டேங்குதே. உங்க அப்பா வீட்டுல என்ன வாசிப்பீங்க?" என்று கேட்டார்.

வீணை என்றேன்.

நான் வீணையைக் கிட்டத்தில் நின்று பார்த்ததுகூட இல்லை, மக்கா. பண்டிகைக் காலண்டரில் சரஸ்வதி மடியில் பார்த்ததுதான். அவர் விடவில்லை, எப்படி இருக்கும், எத்தனை தந்தி என்று கேட்டார். காலண்டரை நினைத்து நினைத்துச் சொன்னேன். மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டார். "ஒருநாள் உங்க அப்பா வாசிக்கிறதைக் கேக்கணும்" என்றார். உன் பாட்டா இறந்து அப்போது மூன்று வருஷம். கப்பல் புறப்பட்ட அன்று, ஆணியில் மாட்டியிருந்த தன் பாந்தேருவை எடுத்து என் கையில் கொடுத்தார். "உங்க அப்பாவோட வீணைக்குப் பக்கத்துல மாட்டி வையுங்க" என்றார். வாங்கிக்கொண்டேன்.

இதை நான் வீட்டில் ஒரு வேடிக்கைக் கதையாக எத்தனை முறை சொல்லியிருப்பேன்! காலண்டர் சரஸ்வதியை வைத்து ஒரு கறுப்பு மூப்பனை ஏமாற்றிய சாமர்த்தியம். உன் அம்மை ஒவ்வொரு முறையும் சிரித்தாள். நீ ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

கப்பல் வேலையை விட்டு வந்தபோது பாந்தேருவோடு நான்கு இசைத்தட்டுகளும் கொண்டுவந்தேன். வாசகசாலையில் கிராமபோனில் போட்டேன். அங்கே தினமும் வருகிற வக்கீல் காதைப் பொத்திக்கொண்டார். "பாத்திரக் கடையில குரங்கு புகுந்த மாதிரில்லா இருக்கு ஓய்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இரண்டு மணி நேரம் நின்று பேசினேன். சங்கிலி, கப்பல், கரும்புக் காடு, தடைசெய்யப்பட்ட மத்தளம், திரும்பத்திரும்ப அதைச் செய்த தகப்பன் என்று ஒன்று விடவில்லை. ஒரு ஜாதி மனிதர்கள் தங்கள் சத்தத்தை எப்படித் தலைநிமிர்ந்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள் என்றேன். நான் வாழ்நாளில் பேசிய பேச்சிலேயே அதுதான் நல்ல பேச்சு. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அதை நம்பியவன் நீ ஒருவன்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய்.

மறுநாளிலிருந்து அந்தத் தட்டுகள் உன்னுடையவை ஆயின. அவற்றைப் போட்டுப் போட்டு, பாந்தேருவை ஆணியிலிருந்து எடுத்து, கை வீங்க வீங்கத் தட்டிக் கற்றுக்கொண்டாய். எனக்குப் பெருமையாக இருந்தது. வருகிறவர்களிடம் உன்னை வாசிக்கச் சொல்லிக் காட்டினேன். ஒருநாள் நீ கேட்டாய்: "அப்பா, இந்த அடியைப் பாட்டா குடத்துல நான் சின்னப்பிள்ளையில கேட்டிருக்கேன். ஒருத்தர் பாட, மத்தவங்க வாங்குறதும் வில்லுல உண்டுல்லா?" நான் சொன்ன பதில் நினைவிருக்கிறதா? "அதுவும் இதுவும் ஒண்ணாலே?" என்றேன். நீ எழுந்து மாட்டுத் தொழுத்துக்குப் போனாய். அங்கே பாட்டாவின் குடத்தில் உன் அம்மை தவிடு போட்டு வைத்திருந்தாள். தவிட்டைக் கொட்டிவிட்டுக் குடத்தைக் கழுவி வெயிலில் கவிழ்த்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்கவில்லை, கேட்கவும் இல்லை.

தோவாளைப் பள்ளிக்கூடத்தில் உனக்கு வாத்தியார் வேலை கிடைத்து மாமன் வீட்டில் தங்கியதும், செல்லையா அண்ணாவியின் வில்லுக் கூட்டத்தில் சேர்ந்தாய். போன வருஷம் கொடைக்கு என்னை அழைத்து எழுதினாய். "வந்து கேளுங்க. உங்களுக்காகத்தான் செய்திருக்கேன்" என்று ஒரே வரி. எனக்கு அது புரியவில்லை. ஏதோ பாட்டு என்று நினைத்தேன். அதைவிட மடத்தனம், வக்கீலையும் கூட்டிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால், பந்தலில் அண்ணாவி வில்லடிக்கிறார், அவர் பக்கத்தில் ஒருவன் பாட்டாவின் குடத்தை அடிக்கிறான், நீ நடுவில் உட்கார்ந்து பாகியாவின் பாந்தேருவை அடிக்கிறாய். குடத்தின் வயிற்றுச் சத்தமும் உன் சில்லுச் சத்தமும் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நடக்கின்றன. கூட்டம் மெய்மறந்து நிற்கிறது. சாமியாடிக்கு அருள் வரத் தொடங்கியிருக்கிறது. இன்று அந்தச் சத்தத்தை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அன்று, என் காதருகே வக்கீல் குனிந்தார்: "உம்ம பிரேசில் சங்கீதம் கடைசியில குடத்துலதான் வந்து விழுந்துது, பாத்தீரா ஓய்?"

அவரை ஒன்றும் செய்யவில்லை நான். அவரிடமிருந்து திரும்பி, பந்தலுக்குள் ஏறி, உன் கையிலிருந்த பாந்தேருவைப் பிடித்து இழுத்தேன். நீ விடவில்லை. என் கட்டைவிரல் அதன் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. "இது அங்க தெய்வத்துக்கு முன்னால அடிக்கிற வாத்தியம்லே! குடம் தட்டுற கூட்டத்துல இதுக்கு என்ன வேலை?" என்று கத்தினேன். அதுவும் பொய். தெய்வத்துக்கு முன்னால் நின்றவை துணி கட்டிய மத்தளங்கள். பாந்தேரு தெருவில் அடிப்பது, துறைமுகத்தில் சாக்குமேல் உட்கார்ந்து அடிப்பது. குடத்தைத் தாழ்த்துவதற்காக அதை நான் உயரத் தூக்கினேன். தாளம் நின்றது. அருள் வந்து நிற்கும்போது வில் நிற்கக்கூடாது, சாமி பாதிவழியில் நின்றுவிடும் என்பது பாட்டா வளர்த்த எனக்குத் தெரியாதா? அண்ணாவி என்னை நிமிர்ந்து பார்க்காமல் வீசுகோலை எடுத்து வில்லில் ஓங்கி அடித்தார், "குடத்தை அடிலே!" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னார், பாட்டைத் தொடர்ந்தார். நீ எழுந்தாய். சத்தம் போடாமல்தான் சொன்னாய், ஆனால் முன்வரிசை முழுக்கக் கேட்டது: "வீட்டுக்குப் போங்கப்பா. போய் வீணைய எடுத்து வாசிங்க."

கிழிந்த பாந்தேருவோடு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். பதினொரு மாதம் அதை நெல்லுப்பத்தாயத்தின் மேல் வைத்திருந்தேன். உன்மேல் இருந்த கோபத்தை நீர் ஊற்றி வளர்த்தேன். எனக்கு அது பழகிய பயிர். அதிகாரி, வக்கீல், இப்போது நீ என்று வரிசைப்படுத்திக்கொண்டேன். உன் கல்யாணம் நிச்சயமான செய்தி வந்தபோதுகூட, நீயே வந்து சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. ஆனால் ஒருநாள் பத்தாயத்திலிருந்து நெல் எடுக்கப் போனபோது அந்தக் கிழிசலில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். அளவாகப் பொருந்தியது. போலீஸ்காரன் தூக்கிப்போனதைப் பெனெடிட்டின் அப்பா திரும்பத்திரும்பச் செய்தார் என்று இரண்டு மணி நேரம் பிரசங்கம் பண்ணினவன் நான். என் வீட்டில் போலீஸ்காரன் யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

போன வாரம் செல்லையா அண்ணாவி வீட்டுக்குப் போனேன். உடுக்கைக்கு அவரே தோல் போடுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க. வீணைக்கு இங்க தோல் போடுறதில்ல" என்றார்.

"வீணை இல்ல அண்ணாவி. இது."

வாங்கித் திருப்பிப் பார்த்தார். "விரலா, கத்தியா?"

"விரல்."

"நல்ல பலம்தான்" என்றார். அவ்வளவுதான் அதைப் பற்றிப் பேசியது. ஊறப்போட்டிருந்த ஆட்டுத்தோலை எடுத்து ஒரு முனையை என் கையில் தந்தார். "பிடிங்க. இழுத்துப் பிடிங்க, இது ஆபீஸ் பேனா இல்ல. முன்னால இருந்த தோல் எந்த ஊரு ஆடு?"

"பிரேசில்."

"ஆடு எல்லா ஊர்லயும் புல்லுதான் தின்னுது. ஆணியை எடுங்க."

தோல் காயும்வரை அங்கேயே இருந்தேன். மறுநாளும் போனேன். போன காரியம் முடிந்தும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அப்போது அண்ணாவி, கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் மாதிரி, ஒரு விஷயம் கேட்டார். "உங்க அப்பாவுக்குக் குடத்துல ஒரு அடி உண்டு. வலது கை வாயில விழுந்த பிறகு, இடது கை மூணு விரலால வயித்துல ஒண்ணு, ஒண்ணு விட்டு ரெண்டு. அவரு கூடவே போயிட்டுதுன்னு நெனச்சேன். உங்க மவன் முதல்நாளே அதை அடிச்சான். 'எங்கேருந்துலே பிடிச்சே?'ன்னு கேட்டேன். என்ன சொன்னாந் தெரியுமா?"

"தெரியாது."

"'அப்பா யோசிக்கும்போது மேசையில தட்டுவாரு. சின்னப்பிள்ளையிலேருந்து கேக்கேன்'னு சொன்னான்."

நான் என் கையைப் பார்த்தேன். அண்ணாவி வீட்டு விசுப்பலகையில் அது தட்டிக்கொண்டிருந்தது. கடல்சுவரில் பெனெடிட்டு பார்த்துக்கொண்டிருந்ததும் இதைத்தான். ஆபீஸில் மனு எழுதும்போது, கப்பலில் தூக்கம் வராதபோது, உன்னோடு சண்டை போட்டபோது என்று எத்தனை வருஷம் இந்த விரல்கள் என் உத்தரவைக் கேட்காமல் உன் பாட்டாவின் வேலையைச் செய்துகொண்டிருந்தன! நான் மூடியதெல்லாம் என் வாயை மட்டும்தான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் அப்பன் என்பதால் ஒன்று சொல்கிறேன். உன்னைப் பழிக்கிறவர்கள் இனியும் இருப்பார்கள், சர்க்கார் மாறினாலும் ஜில்லா மாறினாலும். அவர்கள்மேல் கோபம் வைத்துக்கொள், தப்பில்லை. நான் என்னுடையதை விடப்போவதில்லை. ஆனால் அவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்களோ அதை உன் வீட்டுக்குள் வந்து நீயே உடைக்காதே. அந்த வேலையை அவர்களுக்காக நான் நன்றாகச் செய்து முடித்திருக்கிறேன். இரண்டாவது ஆள் தேவையில்லை. இன்னொன்று: தூரத்து மனிதனின் பெருமையைக் கொண்டாடுவது சுலபம். அவனுடைய கொடைக்கு நம்மை யாரும் அழைக்கமாட்டார்கள். பாகியாவின் பாட்டை நான் பொய்யாக நேசிக்கவில்லை மக்கா, இன்றும் அந்தத் தட்டுகளைப் போட்டால் கடைசித் தட்டு முடியும்வரை எழுந்திருக்க மாட்டேன். ஆனால் அந்தப் பாட்டு என்னிடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி, அதற்கு நான் பொய் சொன்னேன். நீ அதற்குச் சரியான பதிலை ஊர்முன்னால் வாசித்தாய். அந்தப் பதிலைத்தான் நான் கிழித்தேன்.

நேற்று மாலை பெனெடிட்டுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். துறைமுகத்தின் பெயர் மட்டும்தான் தெரியும், போய்ச் சேருமோ சேராதோ. மூன்று வரிதான். எங்கள் வீட்டில் வீணை இல்லை. என் அப்பா குடம் அடித்தார். உங்கள் பாந்தேருவை என் மகன் அதன் பக்கத்தில் வைத்துவிட்டான்.

இனி பொட்டலத்தைப் பார். பாந்தேருவின் தோல் புதியது. இரண்டு மூன்று நாள் வெயிலில் காட்டினால் சத்தம் திறக்கும் என்றார் அண்ணாவி. அதைச் சுற்றியிருக்கிற வெள்ளைத் துணி பொதி கட்டுவதற்குப் போட்டதல்ல. என் கல்யாணத்தன்று பாட்டா எனக்குக் கட்டிய தலைப்பாகை அது. படத்தில் என் மடியில் இருக்கும் கைக்குட்டை. பெட்டிக்கடியில் கிடந்து ஓரம் பழுத்திருக்கிறது. உன் அம்மை துவைத்துக் கஞ்சி போட்டுத் தந்தாள். முடிச்சு பாகியாவில் மத்தளத்துக்குப் போடுகிற முடிச்சு, நினைவில் இருந்து போட்டேன். நான் கட்டுவேன் என்று கேட்கவில்லை. மாமன்தான் கட்டட்டும், அவர் உனக்குச் சோறு போட்டவர். துணி இதுவாக இருந்தால் போதும். படம் எடுக்கும்போது கழற்றாதே.

கல்யாணத்துக்கு மறுநாள் சாயங்காலம் வில்லுப்பாட்டு வைத்திருக்கிறாயாம். குடத்துக்குப் பின்னால் உட்கார எனக்கு இடம் உண்டா என்று அண்ணாவியிடம் கேட்டேன். "தாளம் தப்பினா எழுப்பி விட்டிருவேன், படிச்சவருன்னு பாக்கமாட்டேன்" என்றார். சம்மதித்தேன். ஆனால் குடம் உன்னிடம் இருக்கிறது, அதனால் பதிலும் உன்னிடம்தான். இந்தப் பொட்டலத்தைக் கொண்டுவருகிற உன் அம்மை வெள்ளிக்கிழமை திரும்புவாள். அவள் கையில் குடத்தைக் கொடுத்தனுப்பினால் வரச்சொல்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளச் சொல், கீழே வைக்கக்கூடாது. அவள் வெறுங்கையோடு வந்தால் உன்மேல் குறை சொல்லமாட்டேன். அதற்கும் நான்தான் காரணம்.

பஸ் வருகிற நேரம் எனக்குத் தெரியும். அதுவரை தட்டிப் பழக இந்த மேசைதான்.

அப்பா